2,131: கேல் ரிப்கனின் விடாத ஆட்டமும் பால்டிமோரின் 22 நிமிடக் கைதட்டலும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

1995 செப்டம்பர் 6 அன்று இரவு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டம் பாதியில் நின்றது. மழை பெய்யவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. 46,272 ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், அவ்வளவுதான். தட்டியவர்கள் 22 நிமிடத்துக்கு மேல் நிறுத்தவே இல்லை. கேல் ரிப்கன் ஜூனியர் என்ற ஆட்டக்காரர் ஒரு ஆட்டத்தைக்கூட விடாமல் தொடர்ந்து 2,131-ஆவது ஆட்டத்தில் இறங்கியிருந்தார். பேஸ்பால் பழக்கமில்லாதவர்களிடம் இதைச் சொன்னால் "தினமும் வந்து ஆடினதுக்கா இவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கும் அதன் பின்னால் வருகிற மற்ற கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேல் ரிப்கன் யார்?

பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப். பேட்டர் ஓடிச் சுற்றிவர வேண்டிய நான்கு இடங்கள்தான் பேஸ்; இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்பவரை அப்படிச் சொல்வார்கள். பந்து அதிகம் வரும் இடம், ஓட்டமும் எறியும் அதிகம் வேண்டிய இடம்.

பிறந்தது 1960-இல், மேரிலாந்து மாநிலத்தில். வளர்ந்த ஊர் அபர்டீன், பால்டிமோருக்குப் பக்கம்தான். அப்பா கேல் ரிப்கன் சீனியர் ஓரியோல்ஸ் அமைப்பிலேயே ஆட்டக்காரர், பயிற்சியாளர், மேலாளர் என்று வாழ்நாளைக் கழித்தவர். தம்பி பில்லியும் அதே அணியில் இரண்டாம் பேஸில் ஆடினார். உள்ளூர்ப் பையன், உள்ளூர் அணி, 21 சீசன்களும் அதே சட்டை. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அந்த 22 நிமிடம் புரியும்.

சாதனை என்ன?

தொடர்ச்சியாக அதிக ஆட்டங்கள் ஆடியது. 1982 மே 30 அன்று டொராண்டோ புளூ ஜேஸ் அணிக்கு எதிராக (ஷார்ட்ஸ்டாப்புக்கு மாறும் முன்) மூன்றாம் பேஸில் நின்று, எட்டாவது ஆளாக பேட் பிடித்தார். ஒரு ஹிட்கூட, அதாவது பேஸை அடைய வைக்கும் அடிகூட, அடிக்கவில்லை. அதற்கு முந்தைய நாள் இரண்டு ஆட்டங்கள் இருந்தன, இரண்டாவதில் அவருக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். அந்த ஓய்வுக்கு அப்புறம் 16 வருடம் அவர் வெளியே உட்காரவே இல்லை. 1995 செப்டம்பர் 5 அன்று முந்தைய சாதனையாளர் லூ கெரிக்கின் 2,130-ஐத் தொட்டார், மறுநாள் தாண்டினார், 1998-இல் 2,632-இல் நிறுத்தினார்.

"ஆடினார்" என்று எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்?

விதிப்புத்தகத்தில் இதற்குத் தெளிவான வரையறை உண்டு. அரை இன்னிங்ஸாவது (இரண்டு அணியும் ஒவ்வொரு முறை பேட் செய்தால் ஒரு இன்னிங்ஸ்) முழுதாக ஃபீல்டிங்கில் நிற்க வேண்டும், அல்லது ஒரு முறை பேட் செய்து அவுட் ஆகவோ பேஸை அடையவோ வேண்டும். வேறொருவருக்குப் பதில் ஓடுவதற்கு மட்டும் வந்துவிட்டுப் போனால் தொடர் நீடிக்காது. இதையெல்லாம் செய்வதற்குள் நடுவர் வெளியேற்றிவிட்டால் மட்டும் தொடர் அறுந்ததாகக் கொள்ளமாட்டார்கள்.

அப்படியானால் தினமும் ஐந்து நிமிடம் தலைகாட்டிவிட்டு 2,131-ஐ எட்டிவிடலாமே என்று தோன்றும். ரிப்கன் செய்தது அதற்கு நேர்மாறு. 1982 ஜூனில் தொடங்கி 1987 செப்டம்பர் வரை தொடர்ந்து 8,243 இன்னிங்ஸ், ஒன்றைக்கூட விடாமல் களத்தில் இருந்தார். என்னைக் கேட்டால் 2,131-ஐவிட இந்த எண்தான் நம்ப முடியாதது. ஐந்து வருடத்துக்கு மேல், அணி மீள முடியாதபடி பத்து ரன் பின்தங்கிக் கிடக்கும் எட்டாவது இன்னிங்ஸில்கூட அவர் தன் இடத்தில் நின்றிருக்கிறார்.

அந்த 8,243 எப்படி முடிந்தது?

அப்பாவின் கையால். 1987-இல் அணியின் மேலாளர் ரிப்கன் சீனியர்தான். செப்டம்பர் 14 அன்று டொராண்டோவில் ஓரியோல்ஸ் 18-3 என்று தோற்றது. எதிரணி அன்று மட்டும் 10 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்தது. எட்டாவது இன்னிங்ஸில் அப்பா மகனை வெளியே எடுத்தார். இன்னிங்ஸ் கணக்கு என்ற சுமை மகன் தலையில் இருந்து இறங்கட்டும் என்று நினைத்தார். அதைச் சொல்லும் தைரியம் அந்த அணியில் வேறு யாருக்கும் இருந்திருக்காது. ஆட்டங்களின் தொடர் மட்டும் அப்படியே நீண்டது.

அடுத்த வருடமே அப்பா வேலை இழந்தார். 1988 சீசனின் முதல் ஆறு ஆட்டங்களையும் ஓரியோல்ஸ் தோற்றதும் அவரை நீக்கினார்கள். அப்புறமும் தோல்வி நிற்கவில்லை, முதல் 21 ஆட்டங்களும் போயின. அந்த 21-லும் மகன் ஆடினார். அப்பாவை நீக்கிய அணிக்காக மறுநாளும் சட்டை மாட்டிக்கொண்டு போய் நின்ற மனநிலையைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

சரி, தினமும் ஆடுவதில் என்ன கஷ்டம்? கிரிக்கெட்டிலும் விடாமல் ஆடியவர்கள் இல்லையா?

உண்டு. அலஸ்டைர் குக் தொடர்ந்து 159 டெஸ்ட் ஆடினார், அதற்கு முன் ஆலன் பார்டர் 153. நம்முடைய கவாஸ்கர் 106. பெரிய சாதனைகள்தான். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. டெஸ்ட் என்றால் ஒன்றே ஐந்து நாள், அப்புறம் வாரக்கணக்கில் இடைவெளியும் வரும். பேஸ்பாலில் ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடிவதற்குள் 162 ஆட்டங்கள். ஓய்வு நாளே அரிது. இன்று இரவு ஆடி, நள்ளிரவில் விமானம் ஏறி, விடியற்காலையில் வேறு ஊரில் இறங்கி, மாலையில் மறுபடி ஆட வேண்டும்.

சாதாரணச் சுளுக்கு ஒன்று சரியாகப் பத்து நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து நாளில் எட்டு, ஒன்பது ஆட்டங்கள் கடந்துபோயிருக்கும். மற்ற விளையாட்டுகளில் தப்பித்துவிடுகிற காயம் இங்கே தப்பாது.

லூ கெரிக் யார்? அவர் பெயரைச் சொன்னாலே ஏன் எல்லோரும் நெகிழ்கிறார்கள்?

நியூயார்க் யாங்கீஸ் அணியின் முதல் பேஸ் ஆட்டக்காரர். "இரும்புக் குதிரை" என்பது ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர். 1925 ஜூன் 1 அன்று வேறொருவருக்குப் பதிலாக பேட் பிடிக்க வந்தார். மறுநாள் வாலி பிப் என்ற மூத்த ஆட்டக்காரரின் இடத்தில் இறங்கினார். அந்த இடத்தை 14 வருடம் யாருக்கும் விடவில்லை.

1939 தொடக்கத்தில் அவர் உடம்பில் ஏதோ சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எளிதான பந்துக்கே தடுமாறினார், அடியில் வலு இல்லை. மே 2 அன்று டெட்ராய்ட்டில், அணிக்குத் தான் பாரமாகிவிட்டதாக மேலாளரிடம் தானே போய்ச் சொல்லி விலகிக்கொண்டார். அணித்தலைவர் என்பதால், தன் பெயர் இல்லாத ஆட்டக்காரர் பட்டியலைத் தானே எடுத்துப்போய் நடுவர்களிடம் கொடுத்தார். 2,130 அங்கே நின்றது. மறுபடி ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை.

நரம்புகளைச் சிதைத்துத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ். நோய் என்று கண்டறிந்தார்கள். அமெரிக்காவில் இன்றும் அதை லூ கெரிக் நோய் என்றே சொல்கிறார்கள். 1939 ஜூலை 4 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் விடைபெறும்போது, இந்தப் பூமியிலேயே அதிர்ஷ்டசாலி நான்தான் என்று பேசினார். 1941 ஜூன் 2 அன்று இறந்தார். வயது 37. வாலி பிப்பின் இடத்தில் அவர் இறங்கிய அதே தேதி.

ஆகவே 2,130 என்பது வெறும் எண்ணாக இருக்கவில்லை. ஒரு நல்ல மனிதரின் உடம்பு கைவிட்ட இடம் அது. அதைத் தாண்டுவது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற கூச்சம் ரிப்கனுக்கும் இருந்தது, ரசிகர்களுக்கும் இருந்தது. அந்தக் கூச்சத்தைப் போக்கியவர் ஜோ டிமாஜியோ. கெரிக்கோடு அதே யாங்கீஸ் அணியில் ஆடியவர், 1995-இல் 80 வயது. அன்று இரவு பால்டிமோருக்கு வந்து, எங்கே இருந்தாலும் கெரிக் இன்று உனக்காகத் தொப்பியை உயர்த்துவார் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். களத்தின் ஓரத்தில் போட்ட சிறப்பு இருக்கைகளை ஒன்று 5,000 டாலருக்கு விற்று, அந்தப் பணத்தை பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கெரிக்கைக் கொன்ற நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள்.

ஆட்டம் தொடங்கியபோதே கொண்டாடாமல் ஐந்தாவது இன்னிங்ஸ் வரை ஏன் காத்திருந்தார்கள்?

பேஸ்பால் ஆட்டம் 9 இன்னிங்ஸ். மழை வந்து பாதியில் நின்றால் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருக்க வேண்டும், அப்போதுதான் அது கணக்கில் சேரும். சொந்த ஊர் அணி முன்னிலையில் இருந்தால் நாலரையே போதும். அன்று ஓரியோல்ஸ் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸின் முதல் பாதியில் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் மூன்றாவது ஆள் அவுட் ஆன நொடியில் ஆட்டம் சட்டப்படி ஆட்டமானது. 2,131-உம் உறுதியானது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மற்ற சாதனைகள் ஒரு அடியில், ஒரு ஓட்டத்தில், ஒரு எறியில் உடையும். இது உடைந்தபோது ரிப்கன் எதுவும் செய்யவில்லை. ஃபீல்டிங் முடித்து, தலையைக் குனிந்தபடி, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார், வழக்கம்போல.

கட்டடத்தில் தொங்கிய எண்கள் என்ன?

கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தின் வலதுபுறச் சுவருக்கு அப்பால், பழைய ரயில்வே கிடங்கு ஒன்று நீளமாக நிற்கும். செங்கல் கட்டடம். மைதானம் 1992-இல் கட்டப்பட்டபோது அதை இடிக்காமல் விட்டது பால்டிமோர்க்காரர்களின் பெருமை. அந்தச் சுவரில் ரிப்கனின் கணக்கைப் பெரிய பெரிய இலக்கங்களில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஆட்டம் உறுதியானதும் இசை ஒலிக்கும், கடைசி இலக்கத்தை மாற்றுவார்கள். வாரக்கணக்கில் ரசிகர்கள் அந்த நொடிக்காகவே ஐந்தாவது இன்னிங்ஸ் வரை உட்கார்ந்திருந்தார்கள். ஊரே சேர்ந்து நாள்காட்டி கிழித்ததுபோல. செப்டம்பர் 6 அன்று கடைசி 0 விழுந்து 1 தெரிந்தது.

அந்த 22 நிமிடத்தில் என்ன நடந்தது?

இரவு மணி 9:20 இருக்கும். எண் மாறியதும் பலூன்கள் பறந்தன, கூட்டம் எழுந்தது. ரிப்கன் டக்அவுட்டில் இருந்து வெளியே வந்து தொப்பியை உயர்த்தினார், உள்ளே போனார். கைதட்டல் ஓயவில்லை. மறுபடி வந்தார். மறுபடி போனார். இப்படிப் பல தடவை.

நடுவில் முன்வரிசையில் இருந்த தன் குடும்பத்திடம் போனார். சட்டையையும் தொப்பியையும் கழற்றிப் பிள்ளைகளிடம் கொடுத்தார். உள்ளே அவர் போட்டிருந்த கறுப்பு டி-ஷர்ட்டின் முதுகில், அப்பாவுக்கு 2,130-க்கும் மேற்பட்ட அணைப்புகளும் முத்தங்களும் என்று எழுதியிருந்தது. மேல்தளத்து அறை ஒன்றில் அவருடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். மகன் நிமிர்ந்து பார்த்தார், அப்பா கீழே பார்த்தார். ரிப்கன் சீனியர் எளிதில் உணர்ச்சியைக் காட்டாத மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது.

ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்பதே ரிப்கனின் எண்ணம். எதிரணி பிட்சர் (பந்தெறிபவர்) காத்திருக்கிறார், கை ஆறிப்போகும் என்ற கவலை வேறு. கூட்டம் விடவில்லை. அப்போது அணித் தோழர்கள் ரஃபேல் பால்மேரோவும் பாபி போனியாவும் அவரை டக்அவுட்டில் இருந்து பிடித்து வெளியே தள்ளினார்கள். ஒரு சுற்று சுற்றிவிட்டு வா, இல்லாவிட்டால் ஆட்டமே தொடங்காது என்றார்கள்.

வேறு வழியில்லாமல் வலதுபக்கக் கோட்டோரம் நடக்கத் தொடங்கினார். முதல் சில கைகளைக் குலுக்கியதும் நடை மாறியது. அவசரம் போய்விட்டது. சுவருக்கு மேல் நீண்ட கைகளை எம்பி எம்பித் தொட்டார். காவலர்களிடம் நின்றார், மைதானப் பணியாளர்களிடம் நின்றார், பிட்சர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பயிற்சியாளர் எல்ராட் ஹெண்ட்ரிக்ஸைக் கட்டிப்பிடித்தார். வருடக்கணக்கில் அதே இருக்கைகளில் பார்த்துப் பழகிய முகங்களை அருகில் கண்டபோது, பெரிய கூட்டத்தின் கொண்டாட்டம் என்பது போய் ஒவ்வொருவரோடும் தனித்தனியான சந்திப்பாக மாறியது என்று பின்னாளில் ரிப்கன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அதனால்தான் நான் இதை ரசிகர்களின் இரவு என்று சொல்வேன். திட்டமிட்ட விழா ஆட்டத்துக்குப் பிறகுதான் இருந்தது. இந்தச் சுற்று எந்த நிகழ்ச்சிநிரலிலும் இல்லை. கை தட்டித் தட்டியே ரசிகர்கள் அதை உண்டாக்கினார்கள்.

எதிரணி என்ன செய்தது?

ஏஞ்சல்ஸ் ஆட்டக்காரர்கள் தங்கள் டக்அவுட் வாசலில் வந்து நின்று கை தட்டினார்கள். சுற்றின் கடைசியில் ரிப்கன் அங்கே வந்தபோது ஒவ்வொருவரும் கை கொடுத்தார்கள். அவர்களுடைய பேட்டிங் பயிற்சியாளர், மாபெரும் ஆட்டக்காரர் ராட் கரூ, அவரை அணைத்துக்கொண்டார். அன்று ஏஞ்சல்ஸ் தோற்றார்கள், 4-2. நான்காவது இன்னிங்ஸில் ரிப்கனே ஒரு ஹோம் ரன் அடித்திருந்தார். முந்தைய நாளும் அடித்திருந்தார்.

தொலைக்காட்சியில் எப்படிக் காட்டினார்கள்?

பேசாமல் காட்டினார்கள். இ.எஸ்.பி.என். வர்ணனையாளர் கிறிஸ் பெர்மன் பேச்சுக்குப் பேர்போனவர். கொண்டாட்டம் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டார். நாடு முழுக்க வீட்டில் இருந்தவர்கள் கூட்டத்தின் ஓசையை மட்டும் கேட்டார்கள். அன்று அதிபர் பில் கிளிண்டனும் மைதானத்தில் இருந்தார். ஹோம் ரன் விழுந்த நேரத்தில் வர்ணனை அறையிலேயே உட்கார்ந்திருந்து கத்திக் கொண்டாடினார்.

ஒரு ஊர்க்காரர்கள் மகிழ்ந்தது சரி. நாடே ஏன் கண்ணீர் விட்டது?

அதற்கு ஒரு வருடம் பின்னால் போக வேண்டும். 1994 ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று அணி முதலாளிகளும், கூடாது என்று ஆட்டக்காரர்களும் 232 நாள் மல்லுக்கட்டினார்கள். மீதி சீசன் போனது. 1904-க்குப் பிறகு முதல்முறையாக உலகத் தொடர் இறுதிப்போட்டியே நடக்கவில்லை. இரண்டு உலகப் போர்களின்போதுகூட நடந்தது அது.

பேஸ்பால் அங்கே அப்பா மகனைக் கையைப் பிடித்து அழைத்துப்போகும் விளையாட்டு. கோடிகளுக்காக அதை நிறுத்திவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 1995-இல் ஆட்டம் திரும்பியபோது ரசிகர்கள் திரும்பவில்லை. சராசரிக் கூட்டம் சுமார் 20 சதவீதம் குறைந்தது. நியூயார்க்கில் சிலர் களத்துக்குள் குதித்து ஆட்டக்காரர்கள் முன்னால் ஒரு டாலர் நோட்டுகளை வீசினார்கள். பணம்தானே வேண்டும், வைத்துக்கொள் என்பதுபோல.

அந்த நேரத்தில் பால்டிமோரில் ஒருவர் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஆட்டம் முடிந்த பிறகு வேலியோரம் நின்று, கடைசிப் பையன் போகும்வரை கையெழுத்துப் போட்டார். தொழிற்சாலைக்குப் போகிறவர், பஸ் ஓட்டுகிறவர், பள்ளியில் பாடம் நடத்துகிறவர் எல்லோருக்கும் 500 அடி தூரம் பந்தை அடிப்பது எப்படி என்று தெரியாது. உடம்பு முடியாத நாளிலும் எழுந்து வேலைக்குப் போவது எப்படி என்று தெரியும். தங்களுக்குத் தெரிந்த ஒன்றை ஒரு நட்சத்திரம் செய்வதைக் கண்டபோது, கோபத்தை இறக்கி வைக்க அவர்களுக்கு ஒரு இடம் கிடைத்தது. 2002-இல் பேஸ்பால் வரலாற்றின் மறக்கமுடியாத தருணம் எது என்று ரசிகர்களிடம் வாக்குக் கேட்டபோது, அவர்கள் முதலிடம் கொடுத்தது இந்த இரவுக்குத்தான்.

பேஸ்பாலை ரிப்கன் தனி ஆளாகக் காப்பாற்றினார் என்று சிலர் எழுதுகிறார்கள். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். கூட்டம் முழுதாகத் திரும்ப இன்னும் வருடங்கள் ஆயின. ஆனால் மன்னிக்கத் தொடங்கிய நாள் எது என்று கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

வேலைநிறுத்தத்தால் தொடர் அறுந்துவிடவில்லையா?

இல்லை. ஆட்டமே நடக்காதபோது விட்டதாகக் கணக்கில்லை. ஆபத்து வேறு வடிவில் வந்தது. 1995 தொடக்கத்தில் மாற்று ஆட்டக்காரர்களை வைத்து சீசனை நடத்த முதலாளிகள் திட்டமிட்டார்கள். அப்படி நடந்திருந்தால் ரிப்கன் இல்லாமல் ஓரியோல்ஸ் ஆடியிருக்கும். அந்த அணியின் உரிமையாளர் பீட்டர் ஏஞ்சலோஸ் மாற்று அணியை இறக்க மறுத்துவிட்டார். அதற்குள் வேலைநிறுத்தமும் முடிந்தது.

அவருக்கு அடிபட்டதே இல்லையா?

நிறையப் பட்டது. 1985-இல் கணுக்கால் சுளுக்கியது. 1993 ஜூனில் சியாட்டில் மரினர்ஸ் அணியோடு நடந்த கைகலப்பில் முழங்கால் முறுக்கிக்கொண்டது. மறுநாள் காலை படுக்கையைவிட்டு எழுந்து நிற்பதே கஷ்டமாக இருந்தது. அன்றுதான் தொடர் அறுந்துவிடும் என்று அவரே நினைத்திருக்கிறார். மாலையில் ஆடினார். 1996-இல் நட்சத்திர ஆட்டத்துக்கு முன் எல்லோரும் சேர்ந்து படம் எடுக்கும்போது பக்கத்தில் நின்றவர் கால் தடுமாற, அவர் முழங்கை பட்டு ரிப்கனின் மூக்கு உடைந்தது. மூக்கைச் சரிசெய்துகொண்டு அன்று இரவே களமிறங்கினார். 1997-இல் முதுகுத்தட்டு விலகிய வலியோடு ஆடினார்.

இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அவர் உயரமும் எடையும் கொண்ட ஆள். விழுந்து புரண்டு பந்தைப் பிடிப்பதைவிட, எந்த பேட்டர் எங்கே அடிப்பார் என்று முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்பது அவர் பாணி. உடம்பைக் காத்ததில் அந்த மூளைக்குப் பெரிய பங்கு உண்டு.

எண்ணுக்காகத்தானே ஆடினார்? ஓய்வெடுத்திருந்தால் அணிக்கு நல்லதாக இருந்திருக்காதா?

அந்தக் காலத்திலேயே இந்த விமர்சனம் கடுமையாக வந்தது. 1990-இல் அவருடைய பேட்டிங் சராசரி .250 (நாலு முறைக்கு ஒரு ஹிட்), 1992-இல் .251. களைத்துப்போன மனிதர், சாதனை வெறி, சுயநலம் என்றெல்லாம் எழுதினார்கள். கேள்வி நியாயமானதுதான்.

அந்த இரண்டு வருடத்துக்கும் நடுவில் இருக்கும் 1991-ஐப் பாருங்கள். சராசரி .323, ஹோம் ரன் 34, லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அந்த வருடமும் ஒரு நாள்கூட ஓய்வெடுக்கவில்லை. ஓய்வில்லாததுதான் காரணம் என்றால் 1991 எப்படி வந்தது? அதோடு, தன் பெயரைப் பட்டியலில் எழுதுவது மேலாளரின் வேலை, ஆடத் தயாராக வந்து நிற்பதே தன் வேலை என்பதுதான் அவர் எப்போதும் சொன்ன பதில். அப்பாவிடம் கற்ற பாடம். அவர் நிலைமையில் இன்னொருவர் நாலு நாள் ஓய்வெடுத்திருந்தால் ஒருவேளை கொஞ்சம் நன்றாக அடித்திருக்கலாம். ஆனால் சுயநலம் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

எண்ணைக் காப்பாற்ற மட்டும் தலைகாட்டிய நாள் கெரிக்குக்கே உண்டு. 1934 ஜூலையில் இடுப்புவலியோடு இருந்தவரை முதல் ஆளாக பேட் செய்ய அனுப்பினார்கள். ஒரு ஹிட் அடித்துவிட்டு வெளியே போய்விட்டார். அதற்காக யாரும் கெரிக்கைக் குறைத்து மதிப்பதில்லை, மதிக்கவும் கூடாது.

ஜப்பானில் இதைவிடப் பெரிய சாதனை இருந்ததாமே?

ஆமாம். ஹிரோஷிமா கார்ப் அணியின் சச்சியோ கினுகாசா 1970 முதல் 1987 வரை தொடர்ந்து 2,215 ஆட்டங்கள் ஆடினார். அங்கே அவரை "இரும்பு மனிதர்" என்றார்கள். 1979-இல் எதிரணி பிட்சரின் பந்து பட்டு அவருடைய தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறுநாள் பேட்டோடு வந்து, மூன்று பந்துக்கும் முழு வீச்சு வீசி, மூன்றையும் தவறவிட்டு அவுட் ஆனார். முதல் வீச்சு ரசிகர்களுக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது அந்த பிட்சருக்கு என்று சொன்னதாக ஜப்பானில் இன்றும் சொல்கிறார்கள். பந்தெறிந்தவர் மனம் வருந்தக்கூடாது என்பதற்காக!

1996 ஜூன் 14 அன்று கான்சாஸ் சிட்டியில் ரிப்கன் 2,216-ஐ எட்டினார். தன் சாதனை உடைவதைப் பார்க்க கினுகாசா ஜப்பானில் இருந்து வந்து அங்கே உட்கார்ந்திருந்தார்.

தொடர் எப்படி முடிந்தது?

1998 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டம், எதிரணி கெரிக்கின் யாங்கீஸ். ஆட்டம் தொடங்கச் சற்று முன் ரிப்கன் மேலாளர் ரே மில்லரின் அறைக்குப் போய், இன்று நான் ஆடவில்லை என்றார். காயம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. அப்போது மூன்றாம் பேஸுக்கு மாறியிருந்த ரிப்கனுக்குப் பதிலாக அங்கே நிற்கச் சொன்னபோது ரயன் மைனர் என்ற புதுப்பையன், கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. முதல் ஆள் அவுட் ஆனதும் யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் எல்லோரும் டக்அவுட் படியில் ஏறி நின்று கை தட்டினார்கள். அப்போதுதான் மைதானத்துக்கு விஷயம் தெரிந்தது. ரிப்கன் வெளியே வந்து தொப்பியை உயர்த்தினார். 2,632.

யாராவது இதை முறியடிப்பார்களா?

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு சீசனுக்கு 162 வீதம் 16 சீசன்களை முழுதாக ஆடினாலும் 2,592-தான். இன்னும் 40 வேண்டும். இன்றைய அணிகள் கோடிகள் கொடுத்து வாங்கிய ஆட்டக்காரருக்குக் கட்டாய ஓய்வு கொடுக்கின்றன. மிகெல் தெஹாடா 1,152 வரை போனார், 2007-இல் மணிக்கட்டு உடைந்து நின்றார். இப்போது அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் மேட் ஓல்சன் 2021-இல் தொடங்கி 700-ஐத் தாண்டியிருக்கிறார். அதுவே இன்று அதிசயம். முறியாது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த இரவின் காணொளியைப் பார்க்க நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

சுருக்கிய இரண்டு நிமிடத் துண்டைப் பார்க்காதீர்கள். முழு 22 நிமிடமும் உட்கார்ந்து பாருங்கள், ஒலியைக் கூட்டி வைத்து. முதல் ஐந்து நிமிடத்தில் ரிப்கன் சங்கடப்படுவது தெரியும். மேல்தளத்தில் அப்பாவைக் காட்டும் நொடியைத் தவறவிடாதீர்கள். அவர் 1999 மார்ச்சில் காலமானார். அப்புறம் சுற்றின்போது ரிப்கனை விட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைப் பாருங்கள். தோளில் பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கும் அப்பாக்கள், கையை எட்டி நீட்டும் பாட்டிகள், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பெரிய மனிதர்கள். அவர் கடந்துபோன பிறகும் அவர்கள் உட்காரவில்லை, கை தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.